புயல் எச்சரிக்கை வந்தால் கடலூரில் என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?

கடலூருக்கு இந்த வருடம்தான் குடிவந்தேன், புயல் என்றால் எதற்குத் தயாராக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இதே கடலூரின் மஞ்சக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன். அடிக்கிற அந்த ஒரு ராத்திரிக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு வரும் இரண்டு வாரத்துக்கும் சேர்த்துத் தயாராகுங்கள்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. இரவெல்லாம் வடக்கிலிருந்து காற்று. கொல்லைக் கதவு பெயர்ந்துவிடாமல் இருக்க நானும் அப்பாவும் அரிசி மூட்டையை முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். விடிந்த பிறகு திடீரென்று எல்லாம் அடங்கியது. தெருவில் ஆட்கள் இறங்கிவிட்டார்கள். அப்பாவும் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியை எடுக்கப் போனார். எதிர்வீட்டு ஆயா ஜன்னல் வழியே, "உள்ள போ தம்பி, இன்னும் பாதிதான் ஆயிருக்கு, இனிமே தெக்கத்திக் காத்து வரும்" என்று கத்தினார். அப்பா திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து அடித்த காற்றில் அந்த மரம் வண்டி மேலேயே சாய்ந்தது.

வங்கக் கடல் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது நமக்குக் கிழக்கே கடலில் இருக்கும்வரை வடக்குக் காற்று. புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, நம் தலைக்கு மேல் வந்தால் அமைதி. கண் மேற்கே நகர்ந்ததும் தெற்குக் காற்று. முதல் காற்றில் வேர் ஆட்டம் கண்ட மரங்கள் இரண்டாவது காற்றில்தான் விழுகின்றன. அதனால் காற்று நின்றாலும், புயல் முழுதாகக் கடந்துவிட்டது என்று வானிலை மையம் சொல்லும்வரை கதவைத் திறக்காதீர்கள்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணையும் கவனியுங்கள். 1, 2 என்றால் புயல் தொலைவில் கடலில் இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். தேவனாம்பட்டினம், தாழங்குடா மாதிரி கடலோரத்தில் இருந்தாலோ, வீடு ஓலைக் கூரையோ ஆஸ்பெஸ்டாஸோ ஆனாலோ, பொழுது சாய்வதற்குள் முகாமுக்குப் போய்விடுங்கள். இருட்டில் காற்றுக்குள் குழந்தைகளோடு கிளம்புவது மிக ஆபத்து.

சரி, வீட்டு ஏற்பாடு. முதலில் தண்ணீர். தானேவுக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினைந்து நாளுக்கு மேல் ஆனது. கரண்ட் இல்லையென்றால் மோட்டார் இல்லை. வாடகை ஜெனரேட்டர் வீடு வீடாக வந்து தொட்டியை நிரப்பிக் கொடுத்தது, அதற்கும் வரிசை. மாடித் தொட்டியை முழுக்க நிரப்பி வையுங்கள். கனமாக இருந்தால் தொட்டியும் காற்றில் பறக்காது. குடத்திலும் அண்டாவிலும் பிடித்து வைத்தது போதாது என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும். கையில் ரொக்கம் வேண்டும். ஏடிஎம், பெட்ரோல் பங்க் எதுவும் கரண்ட் இல்லாமல் ஓடாது. சிலிண்டர் தீர்கிற நிலையில் இருந்தால் முன்பே மாற்றி வாங்குங்கள். அம்மாவுக்கு இன்சுலின் உண்டு. ஃபிரிட்ஜ் நின்றதும், ஈர மணல் கொட்டிய அகல மண்சட்டிக்குள் சின்னப் பானையை இறக்கி, அதில் மருந்தை மூடி வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தோம். உங்கள் வீட்டில் யாராவது தினமும் மருந்து சாப்பிட்டால் ஒரு மாதத்துக்கு வாங்கி வைப்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்வேன்.

அப்புறம் ஆறு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி நகராமல் நின்றது. காற்று தானே புயல் அளவுக்கு இல்லை, மழைதான் கொட்டித் தீர்த்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. நம் பக்கம் பல பேர் தப்பித்தோம் என்று நினைத்தார்கள். டிசம்பர் 2 அதிகாலை, தென்பெண்ணை ஆற்றில் மேலே இருக்கும் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, நம் பக்கம் ஆற்றங்கரையில் நாணமேடு, கண்டக்காடு பக்கமெல்லாம் வீட்டுக்குள் வெள்ளம். புயல் போன பிறகும் இரண்டு மூன்று நாள் அணைச் செய்தியைக் கேளுங்கள். ஆதார், பத்திரம், சான்றிதழ்களைப் பாலித்தீன் பையில் கட்டிப் பரண்மேல் போடுங்கள்.

மறுநாள் தெருவில் இறங்கும்போது தேங்கிய தண்ணீருக்குள் கால் வைக்காதீர்கள், அறுந்த கம்பி கிடக்கலாம். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ மூடிய வராண்டாவிலோ ஓட்டாதீர்கள், அந்தப் புகை தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிடும், இதைச் சுவரில் எழுதி வையுங்கள்.