வக்கீலிடம் சொல்ல முடியாத கதை – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

பாகப்பிரிவினை வழக்கு ஒன்றுக்காக முதல்முறையாக ஒரு வக்கீலைப் பார்த்தேன். அண்ணன் எனக்குச் செய்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, "அதெல்லாம் இருக்கட்டும், பத்திரம் எந்த வருஷம்?" என்றார். எங்கே தொடங்கினாலும் தேதியில் கொண்டுவந்து நிறுத்தினார். காசு வாங்கிக்கொண்டு கதை கேட்கக்கூட மனமில்லாத தொழில்தானா இது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்சம் இதமாகக் கேட்டிருக்கலாம், சரி. ஆனால் அப்படி வெட்டுவதுதான் அவருடைய வேலை. அண்ணனின் துரோகத்துக்குப் பிராதில் (வழக்குத் தொடரும் மனுவில்) இடம் கிடையாது. பங்கு எவ்வளவு, ஆவணம் எது, காலக்கெடு தாண்டிவிட்டதா என்பதற்குத்தான் இடம்.

1980களில் ஆஸ்டின் சராத், வில்லியம் ஃபெல்ஸ்டினர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் விவாகரத்து வக்கீல்களின் அறைகளிலேயே உட்கார்ந்து, கட்சிக்காரரோடு நடக்கும் பேச்சைப் பதிவுசெய்தார்கள். வந்தவர் திரும்பத் திரும்பத் தப்பு யார் மேல் என்பதையே பேசுவார். வக்கீல் மறுக்கவும் மாட்டார், ஆமோதிக்கவும் மாட்டார். மெல்ல வீடு, ஜீவனாம்சம் என்று பேச்சைத் திருப்பிவிடுவார். இன்னொன்றையும் கவனித்தார்கள். சட்டத்தைப் பற்றி மட்டமாகப் பேசுவது பெரும்பாலும் வக்கீல்தான். புத்தகத்தில் இருப்பது வேறு, அந்த நீதிபதி ஒரு மாதிரி என்று சொல்லச் சொல்ல, உள்விவரம் தெரிந்த அவரை விட்டால் வேறு கதியில்லை என்று ஆகிவிடுகிறது. (எந்தத் தொழிலில்தான் இது இல்லை!)

என் வருத்தம் வேறு இடத்தில். ஜான் ஹைன்ஸ், எட்வர்ட் லாமன் என்ற ஆய்வாளர்கள் சிகாகோவில் 777 வக்கீல்களைப் பேட்டி கண்டு 1982இல் எழுதினார்கள்: கம்பெனிகளுக்கு வேலை செய்பவர்களும் தனிமனிதர்களுக்கு வேலை செய்பவர்களும் ஏறக்குறைய இரண்டு தனித்தனி உலகங்கள். படித்த கல்லூரி, பிறந்த குடும்பம் வரை வித்தியாசம். கம்பெனி வக்கீலிடம் யாரும் அழுதுகொண்டு வருவதில்லை, கோப்போடு வருவார்கள். தகராறு வருவதற்கு முன்பே ஒப்பந்தத்தை அவரை வைத்துத்தான் எழுதியிருப்பார்கள். நீதிமன்றத்துக்கு அடிக்கடி வருபவர்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை வருபவர்களைவிட இப்படிப் பல அனுகூலங்கள் உண்டு என்று மார்க் கலான்டர் என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1974லேயே விளக்கிவிட்டார்.

நீங்கள் ஒருமுறை வருபவர். அதனால்தான் அந்த வெட்டு உங்களுக்கு வலிக்கிறது.

அடுத்த வாய்தாவுக்கு முன்பு தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம், நீங்கள் சொன்னதில் எதை விட்டார், ஏன் விட்டார் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் கடமைப்பட்டவர்.