பெரும்பான்மை கிடைத்தும் மசோதா தோற்றது ஏன்?

வணக்கம். வளரும் நாடுகளில் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதற்கான அமெரிக்க மசோதாவுக்கு 2010 டிசம்பர் 16 அன்று பிரதிநிதிகள் சபையில் 241 பேர் ஆதரவாகவும் 166 பேர் எதிராகவும் வாக்களித்திருக்க, அது தோற்றதாகப் பதிவாகியிருப்பது பிழையா என்று கேட்டிருந்தீர்கள். பிழையன்று. அம்மசோதா வழக்கமான விதிகளை நிறுத்திவைத்து வாக்கெடுக்கும் விரைவு முறையில் அவைக்கு வந்தது. இம்முறையில் விவாதம் 40 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும், உறுப்பினர்கள் அவையில் திருத்தம் கோரவும் இயலாது; அதற்கு ஈடாக, வாக்களித்தோரில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவு, அதாவது அன்று 407 பேரில் 272 பேரின் ஆதரவு, தேவைப்பட்டது. அதே மாதத் தொடக்கத்தில் செனட் அதனை ஒருமனதாக நிறைவேற்றியிருந்தும், செலவையும் கருக்கலைப்பையும் காட்டிக் குடியரசுக் கட்சியினர் எழுப்பிய ஆட்சேபம் இங்கே அதைக் கவிழ்த்தது. சில வாரங்களில் அந்தக் காங்கிரஸின் (இரு அவைகளும் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்றத்தின்) பதவிக்காலமும் முடிந்ததால் மசோதா காலாவதியாயிற்று.

உங்கள் கட்டுரையை அத்துடன் நிறுத்திவிடாதீர்கள். பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தை 2013இல் புதுப்பித்தபோது, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வெளியுறவு அமைச்சர் பல்லாண்டு உத்தி வகுக்க வேண்டும் என்ற கடமை அதன் 1207ஆம் பிரிவாகச் சேர்க்கப்பட்டது. மார்ச் 7 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். தனியே கரையேற முடியாத சிறு மசோதாக்கள் பெரும்பாலும் இப்படிப் பெரிய சட்டத்தின் முதுகில் ஏறித்தான் வருகின்றன என்பது என் கணிப்பு. ஆனால் அந்த உத்திக்கான நிதியை ஆண்டுதோறும் தனி ஒதுக்கீட்டுச் சட்டத்தில்தான் பெற வேண்டும்.