பாட்டியோட பீடித் தட்டும் மூணாவது பக்கத்துல நின்ன கதையும்

அன்புள்ள அக்கா,

எனக்கு தென்காசி பக்கம், பேங்க்ல வேலை. போன வருஷம் என் கதை ஒண்ணு பத்திரிகைல வந்துச்சு, தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் எட்டு மாசமா ஒண்ணும் ஓடல. பீடி சுத்தி எங்க அப்பாவ வளர்த்த பாட்டியப் பத்தி ஒரு கதை ஆரம்பிச்சு மூணாவது பக்கத்துல நிக்குது, அதையும் இதோட அனுப்புறேன். தினம் ராத்திரி லேப்டாப்பத் திறந்து முதல் பாராவயே மாத்தி மாத்தி அடிச்சிட்டு மூடிடுறேன். எழுதுற மூடே வரமாட்டேங்குது. எனக்குள்ள இருந்தது அவ்ளோதானா?

(பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்கார்)

அன்புள்ள தம்பி,

கடைசியா கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன். அவ்ளோதான் இல்ல.

மூணு பக்கத்தையும் படிச்சேன். பாட்டி மடியில தட்ட வச்சிக்கிட்டு திண்ணைல உக்கார்றது வரைக்கும் நல்லா போகுது. அதுக்கப்புறம் "பாட்டி பீடி சுற்றிக்கொண்டே இருந்தாள்"னு ஒரே ஒரு வரி, உடனே முகச்சுருக்கம், தியாகம், கண்ணீர்னு போயிட்டீங்க, கதை அங்கதான் நிக்குது. மூடு வராததால நின்னுச்சுன்னு எனக்குத் தோணல. பாட்டியோட கை என்ன செஞ்சுச்சுன்னு உங்களுக்குத் தெரியல, தெரியாத இடத்துல அழகான வார்த்தையப் போட்டு தாண்டப் பாத்திருக்கீங்க, மனசு ஒத்துக்கல. அந்த மனசு சரியாதான் வேலை செய்யுது.

யோசிச்சுப் பாருங்க, இலைய நனைச்சு ஈரச் சாக்குல சுத்தி வைக்கணும், பதமானதும் அளவுத் தகட வச்சு கத்தரியால வெட்டணும், புகையிலைத் தூள அளவா வச்சு சுருட்டி நூலக் கட்டி முனைய மடக்கணும், அப்புறம் கட்டு போட்டு, இலை குடுத்த பீடிக் கடைக்கே கொண்டு போகணும், அங்க உக்காந்திருக்கிற ஆள் கட்டப் பிரிச்சுப் பாத்து சரியில்லன்னா கழிச்சுப் போட்டுருவார், அதுக்குக் கூலி கிடையாது. ஆயிரம் பீடிக்கு இவ்ளோன்னுதான் கூலிக் கணக்கே. கடைல குடுக்குற இலை ஆயிரத்துக்குக் காணலன்னா கைக்காசு போட்டு இலை வாங்கி எண்ணிக்கைய நேராக்கணும். அந்த இலையும் நம்மூர் இலை இல்ல, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசான்னு எங்கயோ காட்டுல யாரோ ஒரு பொம்பள பறிச்சுக் கட்டி அனுப்பினது. இதுல எதத் தொட்டாலும் உங்க கதை நகரும். நிறைய கழிச்சுப் போட்ட அன்னைக்கு பாட்டி வீட்டுக்கு வந்து யார்கிட்ட என்ன பேசினாங்க? இலை மோசமா வந்த வாரம் உங்க அப்பாவோட நோட்டுப் புக்குக்குக் காசு எங்கருந்து வந்துச்சு?

உங்களுக்கு அத்தைங்க இருப்பாங்க, இல்லன்னா தெருவுல இன்னும் பீடி சுத்துற ஒரு பெரியம்மா இருப்பாங்க. லீவு நாள்ல போய் பக்கத்துல உக்காருங்க. பேட்டி எடுக்காதீங்க, போனை நீட்டாதீங்க, ஒரு பீடிய நீங்களே சுத்திப் பாருங்க. நூல் கட்ட வராம அவங்க சிரிப்பாங்க பாருங்க, அந்த நேரத்துல அவங்க சொல்ற பேச்சு எந்த லேப்டாப் முன்னாடியும் கிடைக்காது.

முதல் பாராவ மறுபடி மறுபடி அடிக்கிறது எதனாலன்னு எனக்குப் புரியுது. போன கதைய மெச்சினவங்க எல்லாரும் பின்னாடி நின்னு படிக்கிற மாதிரி இருக்கும். கதை முடியற வரைக்கும் அந்தப் பாரா பக்கமே போகாதீங்க, பாதிக் கதைல அது தேவையே இல்லன்னு ஆயிடும்.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே ஒரு பேட்டில சொன்னது எனக்கு இன்னைக்கும் உதவுது, அடுத்து என்ன நடக்கப்போகுதுன்னு தெரிஞ்சிருக்கும்போதே அன்னைய வேலைய நிறுத்திடணும், மறுநாள் அங்கருந்து தொடங்கணும்னு. நாம தலைகீழா செய்றோம், ஒண்ணும் மிச்சமில்லாம வழிச்சு எழுதிட்டு மறுநாள் வெறும் திரைய பாத்து பயப்படுறோம். இன்னொண்ணு, நாள் பூரா கவுன்ட்டர்ல ஜனங்களோட மல்லுக்கட்டிட்டு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு எழுத்து வரலன்னு அழுதா எப்படி? காலைல அரை மணி நேரம் போதும்.

எட்டு மாசம் உங்களுக்கு ரொம்பப் பெருசா தெரியுது. சுந்தர ராமசாமியோட முதல் நாவல் 1966-ல வந்துச்சு, ரெண்டாவது 1981-ல, நடுவுல சில வருஷம் அவர் எதுவுமே எழுதாம இருந்தவர். பெருமாள்முருகன் 2015 ஜனவரில எழுத்த விட்டதா அறிவிச்சது வேற மாதிரி, அது 'மாதொருபாகன்' நாவலுக்குக் கிளம்பின எதிர்ப்பால வெளிய இருந்து வந்த நெருக்கடி, 2016-ல ஹைகோர்ட் தீர்ப்புக்கப்புறம் கவிதைகளோட திரும்பி வந்தார். உங்கள யாரும் நிறுத்தல தம்பி, விஷயம்தான் இன்னும் கைக்கு வந்து சேரல.

பாட்டி கொண்டு போன கட்டப் பிரிச்சுக் கழிச்சுப் போடுறாரே அந்த ஆள், அவர் வர்ற பகுதிய மொதல்ல எழுதுங்க. அவர கெட்டவரா ஆக்கிடாதீங்க, அவருக்கும் மேல ஒரு முதலாளி கணக்குக் கேப்பார். எழுதினதும் அனுப்புங்க, படிச்சிட்டு சொல்றேன்.

அன்புடன்,
அக்கா