ஏழு பேர் கம்பெனியா, எழுபது பேர் ப்ராஜெக்டா?

வணக்கம் ஐயா.

சனிக்கிழமை மகளோடு மதுரை தல்லாகுளத்தில் என் ஆலோசனை அறைக்கு வந்துவிட்டு, உசிலம்பட்டி பஸ் போய்விடும் என்று அவசரமாகக் கிளம்பினீர்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் கேட்டதற்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஏழு பேரு உட்கார்ந்திருக்கிற எடத்தப் போயி கம்பெனிங்கிறா சார். சென்னையில அதே வேலைக்கு எழுபது பேரு இருக்காங்களாம். எது நெலைக்கும்?" என்றீர்கள். மகளுக்கு வந்திருக்கும் இரண்டு சாஃப்ட்வேர் வேலைகளைப் பற்றித்தான் கேட்டீர்கள்: இங்கே மதுரை அண்ணா நகரில் ஏழு பேர் கம்பெனி, சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றின் எழுபது பேர் ப்ராஜெக்ட். நியாயமான கேள்வி. ஒரு வேலைக்கு எத்தனை பேர் வேண்டும் என்று மென்பொருள் துறையே ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் நிதானமாக எழுதுகிறேன். மகளையும் படிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் மேஸ்திரி. உங்கள் வேலையிலிருந்தே தொடங்குகிறேன். தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் ஆள் கூடக்கூட நல்லது. மிக்சர் ஓடத் தொடங்கியதும் சட்டி கைமாறிக் கைமாறி மேலே போகும். இருபது பேர் நின்றால் மத்தியானத்தில் முடியும், பத்துப் பேர் நின்றால் பொழுது சாய்ந்துவிடும். அதே வீட்டில் ஓர் அறைக்குள் பூச்சு வேலை நடக்கிறது என்று வையுங்கள். இரண்டு கொத்தனார் நிற்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேரை விடுவீர்களா? ஒருவர் மட்டம் பார்த்து முடித்த இடத்தில் இன்னொருவர் கரண்டி படும். மூலையில் இரண்டு பேர் பூச்சும் சேராது. கலவை எடுத்துக் கொடுக்கும் சித்தாளுக்கு யார் சொல்வதைக் கேட்பது என்றே தெரியாது.

சாஃப்ட்வேர் எழுதுவது பெரும்பாலும் இந்தப் பூச்சு வேலை மாதிரி. கம்ப்யூட்டருக்கு எழுதும் கட்டளைகளைக் கோட் என்பார்கள். ஒருவர் எழுதிய கோடின் மேல்தான் இன்னொருவர் எழுதியது உட்காரும். நான் ஒரு வரியை மாற்றினால் நீங்கள் நேற்று எழுதியது உடையலாம். அதனால் ஒவ்வொருவரும் மற்றவர்களோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஏழு பேர் இருந்தால், யாரோடு யார் பேச வேண்டியிருக்கும் என்று ஜோடி ஜோடியாக எண்ணிப் பாருங்கள், 21 ஜோடி வரும். பதினாலு பேரானால் 42 இல்லை, 91. எழுபது பேர் என்றால் 2,415. ஆள் பத்து மடங்கு கூடும்போது பேச்சு நூறு மடங்குக்கு மேல் கூடுகிறது. அந்தப் பேச்சுக்குப் போகும் நேரம் எல்லாம் வேலை நேரத்திலிருந்துதான் போகும்.

ஃப்ரெட் ப்ரூக்ஸ் என்ற அமெரிக்கர் 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் மிகப் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்தியவர். அந்த அனுபவத்தை வைத்து 1975இல் ஒன்றைச் சொன்னார்: தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு மேலும் ஆள் போட்டால் அது இன்னும் தாமதமாகும். இந்தத் துறையில் இன்று வரை இதை ப்ரூக்ஸ் விதி என்றுதான் சொல்கிறார்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. மதுரைக்குத் திரும்பி இந்த ஆலோசனை வேலைக்கு வருவதற்கு முன்னால் சென்னையில் கோட் எழுதிக்கொண்டிருந்தேன். பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்று. ஒன்பது பேர் இருந்தோம், இரண்டு மாதம் பிந்திவிட்டோம். மேலிடத்திலிருந்து ஒரே திங்கட்கிழமையில் பதினோரு பேரை அனுப்பினார்கள். வரிக் கணக்குப் பகுதி முழுவதையும் அறிந்த ஓர் அக்கா எங்கள் டீமில் இருந்தார். அதுவரை காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை எழுதிக்கொண்டே இருப்பார். அன்றிலிருந்து அவர் பக்கத்து நாற்காலி காலியாகவே இல்லை. ஒருவர் எழுந்தால் அடுத்தவர் உட்காருவார். இந்த டேட்டாபேஸ் டேபிளில் என்ன இருக்கிறது, டெஸ்ட் சர்வருக்குப் பாஸ்வேர்டு யாரிடம், இந்த ஃபங்ஷனை ஏன் இப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பதினோரு பேருக்கும் ஒரே பதிலைப் பதினோரு தடவை சொன்னார். இரவு ஏழு மணிக்கு மேல்தான் சொந்த வேலையைத் தொடுவார். மூன்றாவது வாரத்தில் புதிதாக வந்த இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பிழையை இரண்டு விதமாகச் சரிசெய்துவிட்டார்கள். அதைப் பிரித்துச் சேர்க்கவே இரண்டு நாள் ஆனது. கடைசியில் இரண்டு மாதத் தாமதம் நாலு மாதமானது. அங்கே யாரும் சோம்பேறி இல்லை ஐயா. இருபது பேரும் ராப்பகலாக உழைத்தோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கயிறு இழுக்கும் சோதனை ஒன்றைச் செய்து 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் கிட்டத்தட்டப் பாதிதான் வெளிப்பட்டது. சித்திரைத் தேரில் வடம் பிடித்திருப்பீர்கள். மூச்சு முட்ட இழுப்பவர்களும் உண்டு, வடத்தைத் தொட்டுக்கொண்டே நடப்பவர்களும் உண்டு. மாசி வீதி முனையில் தேர் திரும்புவதற்கு, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் அந்தச் சில பேரைத்தான் எல்லோரும் நம்பி நிற்கிறோம்.

உங்கள் மகளின் பேட்சிலும் இதை நேரிலேயே பார்த்தேன். லேப்டாப்பைத் திறந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் காட்டினாள். நாலு பேர் பேட்ச். யார் எப்போது எதை எழுதினார்கள் என்று கிட் என்ற மென்பொருளின் பதிவில் இருக்கும் அல்லவா, அதைத் திறக்கச் சொன்னேன். ஏறக்குறைய எல்லா வரியும் அவள் பெயரில்தான். "மத்தவங்க ரிப்போர்ட்டும் பிபிடியும் பாத்துக்கிட்டாங்க சார்" என்றாள். பிள்ளை கெட்டிக்காரி என்பதற்கு அது சாட்சி, சந்தோஷம். ஆனால் அடுத்தவர் எழுதிய கோடைப் படித்து, அதன் மேல் தன் வேலையைச் சேர்த்த அனுபவம் அவளுக்கு இன்னும் இல்லை. முதல் வேலையில் அவள் கற்க வேண்டியதே அதுதான். நீங்கள் முடிவெடுக்கும்போது சம்பளத்துக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் சின்னதுதான் நல்லது என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். 2014இல் ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தபோது, அங்கே வேலை பார்த்தவர்கள் ஏறக்குறைய 55 பேர்தான், பயன்படுத்தியவர்கள் 45 கோடி. இதைச் சொல்லித்தான் பல சின்ன கம்பெனிகள் பிள்ளைகளைக் கூப்பிடுகின்றன. அந்த 55 பேரில் முக்கியமானவர்கள் பல வருஷம் தொழிலில் பழுத்தவர்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. ஏழு பேரும் இரண்டு வருஷ அனுபவக்காரர்கள் என்றால் அங்கே உங்கள் மகளைத் திருத்த ஆள் இல்லை. கொத்தனார் இல்லாமல் சித்தாள்களே சுவர் எழுப்புகிற மாதிரி.

பெரிய வேலைகள் நடக்காமலும் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளத்தின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கோட் தருகிறார்கள். பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் உள்ளே எடுக்கிறார்கள், அதனால் ஓடுகிறது. நல்ல பெரிய கம்பெனிகளும் இதைத்தான் செய்கின்றன. எழுபது பேர் ப்ராஜெக்ட் என்று வெளியே சொன்னாலும், உள்ளே ஏழெட்டுப் பேர் கொண்ட டீம்களாக வெட்டியிருப்பார்கள். டீம் வேலையைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து நடத்துவதற்கு இப்போது பரவலாகப் பின்பற்றப்படும் ஸ்க்ரம் முறையின் வழிகாட்டியும் ஒரு டீமுக்குப் பத்துப் பேர் அல்லது அதற்கும் குறைவு என்றுதான் சொல்கிறது. ஆகவே கம்பெனியின் பெயர்ப் பலகையில் உள்ள அளவை வைத்து உங்கள் மகளின் வேலை எப்படி இருக்கும் என்று சொல்லவே முடியாது. அவள் தினமும் உட்காரப் போகும் அந்த மேஜையில் எத்தனை பேர், அதில் மூத்தவர் யார் என்று தெரிய வேண்டும்.

அண்ணா நகர் கம்பெனியிடம் அவள் கேட்க வேண்டியது: ஏழு பேரில் ஐந்து வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர் எத்தனை பேர்? நான் எழுதும் கோடைச் சேர்ப்பதற்கு முன் யார் படித்துப் பார்ப்பார்? கடைசியாகச் சேர்ந்தவர் முதல் மாதத்தில் என்ன வேலை செய்தார்? மூன்றாவது கேள்வியை விடவே வேண்டாம். அதற்குத் தயங்காமல் பதில் வந்தால் அங்கே ஓர் ஒழுங்கு இருக்கிறது என்று அர்த்தம். சென்னைக் கம்பெனியிடம் கேட்க வேண்டியது வேறு. பயிற்சி முடிந்ததும் எந்த டீமில் போடுவீர்கள், ப்ராஜெக்ட் கிடைக்கும் வரை பெஞ்சில் எவ்வளவு காலம் உட்கார வேண்டியிருக்கும், கோட் எழுதும் வேலையா டெஸ்டிங்கா?

அப்புறம், பெற்றோராக நீங்கள் பார்க்க வேண்டியவை இரண்டு. பிஎஃப் என்பது 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களுக்குத்தான் கட்டாயம். ஏழு பேர் கம்பெனியில் அது இல்லாமல் இருக்கலாம், அதனால் அது மோசடி கம்பெனி ஆகிவிடாது. ஆனால் சம்பளத்தை பேங்க்கில் போடுவார்களா, எழுத்தில் ஆஃபர் லெட்டர் தருவார்களா என்று பாருங்கள். அடுத்தது, எந்தக் கம்பெனி கேட்டாலும் அசல் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டாம். இத்தனை காலம் வேலையை விட மாட்டேன் என்று பாண்டில் கையெழுத்து கேட்டால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

என் கணிப்பைக் கேட்டீர்கள். அந்த ஏழு பேரில் அவள் கோடைத் தினமும் படித்துத் திருத்தும் மூத்தவர் ஒருவராவது இருந்தால், முதல் இரண்டு வருஷத்துக்கு நான் அண்ணா நகரைத்தான் சொல்வேன். வாடிக்கையாளர் போனில் திட்டுவதிலிருந்து சர்வர் நின்றுபோவது வரை எல்லாம் அவள் கண் முன்னால் நடக்கும், அவ்வளவையும் கற்பாள். அப்படி ஒருவர் இல்லை என்றால் சென்னைக்கு அனுப்புங்கள். ஏழாயிரமோ எட்டாயிரமோ ஹாஸ்டலுக்குப் போகிறதே என்று யோசிக்க வேண்டாம்.

புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாள். செவ்வாய்க்கிழமையே இரண்டு இடத்துக்கும் போன் போடட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் போனை வாங்க வேண்டாம், கேள்விகளை அவளே கேட்கட்டும். அவர்கள் சொன்ன பதில்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எனக்குக் கூப்பிடுங்கள். அறையில்தான் இருப்பேன்.