தலையில் அடிபட்டபின் வாசனை தெரியவில்லையா? காது, மூக்கு, தொண்டை மருத்துவரின் பதில்கள்

முதலில், அவசரமான கடிதம்.

மூன்று நாளைக்கு முன் ஆட்டோ கவிழ்ந்து நெற்றியில் அடி. குனிந்தால் ஒரு மூக்கில் தண்ணீராக வடிகிறது, தொண்டையில் உப்புக் கரிக்கிறது. ஆவி பிடிக்கலாமா? (பண்டாரவளை)

வேண்டாம். மூக்கைச் சிந்தவும் கூடாது. அது மூளையைச் சுற்றியுள்ள நீராக இருக்கலாம். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கொழுந்து பறிக்கையில் வழுக்கி விழுந்து பின்மண்டை கல்லில் பட்டது. மூன்று மாதமாகிறது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் கருவாட்டுக் குழம்புகூட மணக்கவில்லை, ருசியும் செத்துவிட்டது. நாக்கில் கோளாறா? (ஹட்டன்)

நாக்கில் கொஞ்சம் சீனி வையுங்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு உப்பு, அப்புறம் ஒரு சொட்டு தேசிக்காய்ச் சாறு. மூன்றும் தெரிந்தால் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்பக்கமாக மூக்குக்கு ஏறினால்தான் கருவாடு கருவாடாகத் தெரியும். ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான்.

மூக்கின் கூரையில் சல்லடை மாதிரி ஒரு மெல்லிய எலும்பு உண்டு. வாசனை நரம்பிழைகள் அதன் துளைகள் வழியாகத்தான் மூளைக்குப் போகின்றன. பின்மண்டையில் அடி விழுந்தால் மூளை குலுங்கி, அந்த இழைகள் அங்கேயே அறுந்துவிடலாம். எலும்பு உடையாமலே இது நடக்கும். ஆகவே ஸ்கேனைக் காட்டி யாராவது "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றால் மனம் விடாதீர்கள். நீங்கள் சொல்வது உண்மை.

இந்த நரம்புகளுக்குத் திரும்ப வளரும் சக்தி உண்டு. எல்லோருக்கும் வாசனை திரும்புவதில்லை. திரும்புகிறவர்களில் பலருக்கு முதல் ஒரு வருடத்துக்குள் ஏதாவது தெரியத் தொடங்கும். அதனால் இப்போதே வாசனைப் பயிற்சியை ஆரம்பியுங்கள்.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட முறை இது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனை. நான்கு ஜாம் போத்தல்களில் பஞ்சு வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு தைலத்தை விடுங்கள். ரோஜாத் தைலம் கிடைக்காவிட்டால் நன்றாக மணக்கும் வேறொன்று போதும். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் 15 விநாடி மெல்ல முகருங்கள். முகரும்போது அந்த வாசனையை மனதில் கொண்டு வாருங்கள். கிராம்பென்றால் அம்மா இறக்கி வைத்த கறிச்சட்டி ஞாபகம் வரட்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள், ஆறு மாதம் என்றால் இன்னும் நல்லது. தைலத்தை மூக்குக்குள் விடவே கூடாது.

தலையில் அடிபட்ட ஆறாம் மாதம் வாசனை திரும்பியது. ஆனால் தேத்தண்ணி எரிந்த ரப்பர் மாதிரி நாறுகிறது. (கொட்டகலை)

சகிக்கவே கஷ்டமாக இருக்கும், தெரியும். புதிதாக வளரும் நரம்புகள் சரியாக இணையாதபோது இப்படி ஆகும். பல நேரம் இது தேறுவதன் அடையாளம். பயிற்சியை நிறுத்தாதீர்கள். தேத்தண்ணியை ஆறவைத்துக் குடித்தால் நாற்றம் குறையும்.

அப்பாவுக்கு 70 வயது, வாசனையே இல்லை, பகலில் தனியாக இருக்கிறார். (பதுளை)

கேஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது. சமைத்து முடிந்ததும் சிலிண்டரையே மூடப் பழக்குங்கள். புகை அலாரம் ஒன்று மாட்டுங்கள். மிச்சக் கறியை அவர் முகர்ந்து பார்த்துத் தீர்மானிக்க முடியாது, சமைத்த நாளை மூடியில் எழுதி வையுங்கள். ருசி இல்லையென்று உப்பை அள்ளிப் போடுவார், அதையும் கவனியுங்கள். மிளகின் காரம் அவருக்குத் தெரியும், தேசிக்காய்ப் புளிப்பும் தெரியும்.