மண் கட்டிய துவரை (வாசகர் கடிதம்)

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் எங்கள் ஆயா காலமானார். தர்மபுரிப் பக்கம் மானாவாரிக் காடு, ராகியும் கடலையும், ஊடுபயிராகத் துவரை. கடைசிவரை அங்கேதான் இருந்தார். பதினாறாம் நாளுக்கு அவரைப் பற்றி நாலு பக்கம் எழுதி அச்சடித்துக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். 'வெள்ளந்தி, உழைப்பாளி, அன்பே உருவானவர்' என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. தை மாதத்தில் துவரையைச் செம்மண்ணில் பிசறி வாசலில் காயப்போடுவார், அது மட்டும் படமாக நிற்கிறது. ஏன் அப்படிச் செய்தார் என்றுகூடத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

கே.

அன்புள்ள கே.,

அந்தத் துவரையிலிருந்தே தொடங்குங்கள். 'அன்பே உருவானவர்' எல்லா வீட்டுக் கருமாதிப் பத்திரிகையிலும் இருக்கிறார். செம்மண்ணில் முழங்கை வரை கைவிட்டுப் பிசறியவர் உங்கள் ஆயா.

முதலில் நீங்கள் பார்த்தது எது என்று தெளிய வேண்டும். துவரைக்கு மண் கட்டுவது இரண்டு காரியங்களுக்காக. விதைக்கு எடுத்து வைப்பதை ஊறப்போட மாட்டார்கள். கெட்டியான செம்மண் கரைசலில் ஒரு புரட்டு புரட்டி அன்றைக்கே வெயிலில் உலர்த்தி, பானையில் போட்டு, மேலே சாம்பல் தூவி வாயை மூடிவிடுவார்கள். பயறு வண்டு விதையின் மேல்தோலில்தான் முட்டை ஒட்டும். மண் பூசினால் அதற்கு ஒட்ட இடமில்லை. விதை ஆடிப்பட்டம் வரை அப்படியே கிடக்கும். சமையலுக்கான துவரை என்றால் கதையே வேறு, வேலையும் நாலைந்து நாள். வாசல் முழுக்கப் பரப்பியிருந்தது என்றால் அது இரண்டாவதாகத்தான் இருக்கும்.

அதன் முறை இது. சாயங்காலம் துவரையைத் தண்ணீரில் போட்டால் விடியற்காலை வடிப்பார்கள். கல் நீக்கிச் சலித்த செம்மண்ணைத் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்து, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறி, குவித்து, ஈரச்சாக்கு போட்டு மூடி ஓர் இரவு விடுவார்கள். மறுநாளிலிருந்து மூன்று நான்கு நாள் நல்ல வெயில். காலையில் பரப்பி, பொழுது சாய்ந்ததும் குவித்து மூட வேண்டும், பனி இறங்கக் கூடாது. துவரையின் தோலுக்கும் பருப்புக்கும் நடுவே ஒரு பசை இருக்கிறது. அது ஊறும்போது இளகும். காயும்போது பருப்பு உள்ளே சுருங்கிக்கொள்ள, தோல் தனியே நிற்கும். இல்லாவிட்டால் துவரையை எத்தனை சுற்று சுற்றினாலும் தோல் விடாது. பயறு வகையில் பிடிவாதம் அதிகமான ஒன்று இது.

கெடுவதற்கும் இதில் நிறைய இடம் உண்டு. தண்ணீரில் கூடுதல் நேரம் கிடந்தால் முளை எட்டிப் பார்க்கும், பருப்பில் ருசி போய்விடும். குவித்து வைத்த மறுநாள் மூட்டம் போட்டால் புளித்த வாடை ஏறும், பூஞ்சணம் பிடிக்கும். காய்ச்சல் போதாவிட்டால் திரிகையில் உடையாமல் சப்பையாக நசுங்கும். இரண்டு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பதுதான் சோதனை. 'டக்'கென்று இரண்டாகப் பிளக்க வேண்டும். உங்கள் ஆயா வானத்தைப் பார்த்துவிட்டு ஊறப்போடுவதை ஒத்திப்போட்ட நாட்கள் கட்டாயம் இருந்திருக்கும். அதை உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ கேளுங்கள்.

காய்ந்ததைச் சலித்து மண்ணை உதிர்த்துவிட்டுத் திரிகைக்குக் கொண்டுபோவார்கள். கைப்பிடி கைப்பிடியாகக் குழியில் போட்டு நிதானமாகச் சுற்ற வேண்டும். போடுவது குறைந்தால் கல்லோடு கல் உரசிப் பருப்பு நொய்யாகிவிடும். கல் கொத்திய புதிதில் முதலில் கொஞ்சம் தவிட்டை அரைத்துக் கொட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் குழம்பில் கல் கடிபடும். பிறகு முறம். புடைத்தால் தோலாகிய பொட்டு பறக்கும், கொழித்தால் நொய் பிரியும். இரண்டுக்கும் மணிக்கட்டின் அசைவு வேறு. முதல் சுற்றில் தோல் விடாத மணிகளைத் தனியே பொறுக்கி மறுபடி திரிகையில் போடுவார்கள். பொட்டு மாட்டுக்கு, காய்ந்த செடியின் மிளார் அடுப்புக்கு.

அமாவாசை அமாவாசைக்குப் பயறு பருப்பை வெயிலில் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்ததா? நிலவுக்கும் வண்டுக்கும் தொடர்பு தேட வேண்டாம். முட்டையிலிருந்து வண்டாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். மாதம் ஒருமுறை வெயில் காட்டினால் அந்தச் சுற்று அறுந்துபோகும். நாட்காட்டி பார்க்காதவருக்கும் அமாவாசை தெரியும், அவ்வளவுதான். இதை மூடநம்பிக்கை என்றும் எழுதாதீர்கள், விஞ்ஞானம் என்றும் கொண்டாடாதீர்கள். அவர் மாதம் தவறாமல் செய்தார் என்று எழுதினால் போதும்.

அளவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'ஆயா இரண்டு படி போடுவார்' என்று யாராவது சொன்னால் அப்படியே எழுதிவிடாதீர்கள். 8 ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு ஒன்றுதான், ஆனால் சின்னப்படி, பெரிய படி என்று ஊருக்கு ஊர் படியே வேறு. வீட்டுப் படி பரணில் கிடந்தால் எடுத்துத் தண்ணீர் நிரப்பி, லிட்டர் குவளையில் ஊற்றி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அவர் தலைதட்டி அளப்பாரா, கோபுரமாகக் குவித்து அளப்பாரா என்றும் கேளுங்கள். வீட்டுக்கு ஒரு மாதிரி, கூலிக்கு ஒரு மாதிரி என்று இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். முதல் படியை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று சொல்லி அளந்திருந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

புகைப்படங்களைவிட அந்தத் திரிகைக் கல் உங்களுக்கு அதிகம் உதவும். மேல்கல்லில் கைப்பிடி செருகும் குழி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரல் விட்டுப் பாருங்கள். பெரிய திரிகையை ஒருவர் தனியாகச் சுற்றி மாளாது. எதிரெதிரே இரண்டு பேர் கால் நீட்டி உட்கார்ந்து ஒரே பிடியைப் பிடித்துச் சுற்றுவார்கள். அத்தனை வருடம் உங்கள் ஆயாவுக்கு எதிரில் உட்கார்ந்தது யார்? ஓரகத்தியா, நாத்தனாரா, பக்கத்து வீட்டுக்காரரா? அவர் இன்னும் இருந்தால், நீங்கள் எழுத வேண்டியதில் பாதி அவரிடம் இருக்கிறது.

கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முந்தின இரவே ஊறப்போட்டு வடித்த துவரை இரண்டு படியும் ஒரு சட்டி செம்மண்ணும் கொண்டுபோய், அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிசறத் தொடங்குங்கள். நீங்கள் செய்வது தப்பாகத்தான் இருக்கும். கையைத் தட்டிவிட்டு அவரே உட்கார்ந்துவிடுவார்.