தாதிமைப் பட்டப்படிப்புக்கு 90,000 வெள்ளி கடன் வாங்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவ இறுதித் தேர்வில் மலாய், கணிதம், உயிரியல் உட்பட ஆறு பாடங்களில் கிரெடிட். வீடு நிபோங் திபாலில். அப்பா பிறையில் தொழிற்சாலை ஊழியர். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், அடிப்படைப் படிப்பும் தாதிமைப் பட்டமும் சேர்த்து 90,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறது. கடனை வாங்கிப் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் போனால் குடும்பம் என்னவாகும் என்று பயப்படுகிறீர்கள்.

நான் பினாங்குத் தீவில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். டிப்ளோமாவில் தொடங்கி, வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்தவள். தாதி வேலைக்குத் தாராளமாக வாருங்கள். ஆனால் அதற்கு 90,000 வெள்ளி கொடுக்காதீர்கள். என் பதில் இதுதான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

இந்த நாட்டில் பதிவு பெற்ற தாதியாக வேலை செய்யப் பட்டம் கட்டாயமில்லை. மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிவு பெற வேண்டும். பிறகு ஆண்டுதோறும் பணிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாண்டு டிப்ளோமா முடித்தவரும் நான்காண்டுப் பட்டம் முடித்தவரும் அந்த வாசல் வழியாகத்தான் வார்டுக்குள் வருகிறார்கள். முதல் ஆண்டில் இருவரும் ஒரே மருந்து வண்டியைத்தான் தள்ளுகிறோம், ஒரே இரவு ஷிப்ட்தான் பார்க்கிறோம். பட்டதாரிக்கு அரசுப் பணியில் மேல்நிலைத் தரம் உண்டு; விரிவுரையாளராகவோ நிர்வாகத்துக்கோ போக நினைப்பவருக்குப் பட்டம் அவசியம். அதை மறுக்கவில்லை. ஆனால் அதைப் பதினெட்டு வயதிலேயே, அப்பாவின் சேமிப்பைக் கரைத்து வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிப்ளோமா முடித்துப் பதிவு பெற்ற தாதியர் வேலையை விடாமல் பட்டம் படிக்க மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வழி இருக்கிறது. நானும் அப்படித்தான் படித்தேன். சம்பளம் வந்துகொண்டிருந்ததால் வீட்டில் யாரிடமும் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. கல்விக் கண்காட்சி மேசைகளில் இதை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, டிப்ளோமாவை எங்கே படிப்பது? சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களுக்கு முதலில் மனுச் செய்யுங்கள். பினாங்கிலும் ஒன்று இருக்கிறது. அங்கே கட்டணச் சுமை கிடையாது; பயிற்சிக் காலத்தில் மாத உதவித்தொகையும் உண்டு; பதிலுக்கு அரசுப் பணியில் இருக்க ஒப்பந்தம். போட்டி கடுமைதான், நேர்முகத் தேர்வும் உண்டு. நம் பிள்ளைகள் பலர் “நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது” என்று மனுச் செய்யாமலே விட்டுவிடுவது எனக்குத் தாங்கமுடியாத வருத்தம். பட்டம்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதமாக இருந்தால், எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷன் (அரசின் பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பு) வழியாக அரசுப் பல்கலைக்கழகம் போகலாம். மலாயாப் பல்கலைக்கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் கோலாலம்பூரிலேயே தாதிமைப் பட்டம் தருகின்றன. கட்டணம் தனியாரில் கேட்பதில் ஒரு சிறு பங்குதான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பினாங்கில் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அதன் தாதிமைப் படிப்பு பினாங்கின் மிண்டன் வளாகத்தில் இல்லை, கிளந்தானில் உள்ள குபாங் கிரியான் மருத்துவ வளாகத்தில் இருக்கிறது. தங்கும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

மூன்றாவது வழி, தனியார் மருத்துவமனைகள் தரும் ஆதரவு. கட்டணத்தை அவர்களே கட்டி, விடுதியும் கைச்செலவுப் பணமும் கொடுத்து, படித்து முடித்த பின் சில ஆண்டுகள் தங்களிடமே வேலை செய்யச் சொல்வார்கள். பணமில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது நல்ல வழி. ஆனால் நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய இடமும் இதுதான். என் வார்டில் இருந்த ஒரு இளம் தாதி, முன்பு இன்னொரு மருத்துவமனையின் ஒப்பந்தத்தில் படித்தவர். அம்மாவுக்கு உடல்நலம் கெட்டு ஊருக்குத் திரும்ப வேண்டிய நிலை வந்தபோது, பாதிக்கு மேல் பணியாற்றியிருந்தும் முழுத் தொகையையும் கட்டச் சொன்னார்கள். பணியாற்றிய ஆண்டுகளுக்கு ஏற்பக் கழிவு உண்டு என்று அந்தத் தாளில் எங்குமே எழுதியிருக்கவில்லை. அந்தப் பணத்தை அடைக்க அவர் பட்ட பாட்டை நான் அருகிலிருந்து பார்த்தேன்.

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தரமாட்டேன் என்றால் அந்த இடமே வேண்டாம். ஒப்பந்தக் காலம் படிப்பு முடிந்த நாளிலிருந்து ஓடுகிறதா, வாரியத்தில் பதிவான நாளிலிருந்தா என்று பாருங்கள். இரண்டுக்கும் இடையில் மாதங்கள் கழிந்துவிடும். வாரியத் தேர்வில் முதல் முறை தவறினால் என்ன ஆகும்? மகப்பேற்று விடுப்பும் சம்பளமில்லா விடுப்பும் பணிக் காலத்தில் சேருமா? பாதியில் விலகினால் முழுத் தொகையா, மீதிக் காலத்துக்கு மட்டுமா? அதற்கு மேல் அபராதம் உண்டா? அவர்களுடைய வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினால் மறுக்க முடியுமா? ஜாமீன் போடுவது யார்? ஜாமீன் போட்டவர் அப்பா என்றால் பணம் கேட்கும் கடிதம் அவர் பெயருக்கும் வரும். இவற்றை வாயால் கேட்டுத் திருப்தியடைய வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். ஆள் சேர்ப்பவர் அன்பாகப் பேசுவார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் அந்த மேசையில் இருக்கமாட்டார்.

வேலை கிடைக்குமா என்ற பயம் ஆதாரமில்லாதது என்று சொல்லமாட்டேன். 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் தாதியர் கல்லூரிகள் அளவுக்கு மீறிப் பெருகின. பயிற்சிக்கு மருத்துவமனை இடம் போதாமல், வாரியத் தேர்வில் தேறாமல், வேலையும் இல்லாமல், பி.டி.பி.டி.என். என்னும் அரசு உயர்கல்விக் கடனோடு நின்ற பிள்ளைகள் ஏராளம். புதிய தாதிமைப் படிப்புகளுக்கு அரசாங்கமே தடை போட வேண்டியதாயிற்று. உங்கள் உறவினர்கள் எச்சரிப்பது அந்த நினைவில்தான். இன்று நிலைமை தலைகீழ்: சிங்கப்பூரும் வளைகுடா நாடுகளும் நம் தாதியரை அழைத்துக்கொள்கின்றன, வார்டுகளில் ஆள் பற்றாக்குறை. பினாங்கில், இந்தோனேசியாவின் மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் வரும் நோயாளிகளை நம்பியே தனியார் மருத்துவமனைகள் கட்டடங்களை நீட்டிக்கொண்டு போகின்றன. ஆனாலும் எந்தக் கல்லூரியானாலும் அதன் படிப்புக்கு எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) அங்கீகாரமும் தாதியர் வாரியத்தின் ஒப்புதலும் இருக்கின்றனவா, மாணவர்கள் எந்த மருத்துவமனையில் பயிற்சி பெறுகிறார்கள், வாரியத் தேர்வில் எத்தனை பேர் தேறினார்கள் என்று கேளுங்கள்.

வேலை கடினம். 2024ஆம் ஆண்டு இறுதியில் அரசு வார்டுத் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் உத்தரவு வந்தபோது எழுந்த எதிர்ப்பை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். தீபாவளி அன்று பணியில் இருப்போம். கால் வலிக்கும். பணம் கட்டுவதற்கு முன், தெரிந்த தாதி ஒருவரிடம் அரை நாள் உட்கார்ந்து பேசுங்கள். நோயாளியின் மலம், இரத்தம், கோபம் மூன்றையும் தாங்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். இதைக் கேட்காமல் வந்து, இரண்டாம் ஆண்டில் விலகிப் போனவர்களுக்குத்தான் உண்மையான நட்டம்.

கடைசியாகப் பணம். தனியார் கல்லூரியைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், பி.டி.பி.டி.என். கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம்தான். வங்கிக் கடனைவிட எவ்வளவோ மேல். ஆனால் அது முழுக் கட்டணத்தையும் ஈடுகட்டும் என்று எண்ண வேண்டாம். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் மாணவர்களுக்குக் கல்வி உதவி தருகிறது, ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் தருகிறது. இரண்டுக்கும் மனுச் செய்யுங்கள். அப்பா ஊழியர் சேமநிதியின் ‘செஜாத்ரா’ என்னும் உட்கணக்கிலிருந்து பிள்ளையின் படிப்புக்குப் பணம் எடுக்க முடியும். அவர் எடுக்கத் தயாராக இருப்பார், அப்பாக்கள் அப்படித்தான். அமைச்சின் பயிற்சிக் கழகத்துக்கும் ஆதரவு தரும் இரண்டு மருத்துவமனைகளுக்கும் மனுச் செய்து, பதில் வரும்வரை அந்தப் பணம் எடுக்கும் படிவத்தில் அவரைக் கையெழுத்திட விடாதீர்கள். கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகம் முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால், அடுத்த சேர்க்கை எப்போது என்று மட்டும் கேட்டு வையுங்கள். ஒப்பந்த நகல் ஏதாவது கையில் கிடைத்தால், பெயர்களை மறைத்துவிட்டு இங்கே எழுதுங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.